நாத்தனாரும் நானும் அலாகுல் ஏரியும்

கிர்கிஸ்தானில் 'அபா' என்றால் அம்மா. கரகோல் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஆறடி உயர டாக்ஸி டிரைவர் ஒருவர் என் நாத்தனார் வசந்தியிடம் வந்து, "அபா, அபா" என்று அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். வசந்தி பெட்டியை விடவில்லை. "நான் இன்னா உனக்கு அப்பாவா? கையை எடுய்யா" என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போனார்.

"பாத்தீங்களா அண்ணி, மரியாதை தெரிஞ்ச ஊரு" என்றாள் வசந்தி.

நாங்கள் இருவரும் மலையேறுகிற ரகம் கிடையாது. நான் ஐம்பதைத் தாண்டியவள், தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். வசந்தி என் கணவரின் தங்கை. முடிச்சூரில் அவள் வீட்டுக்காரர் குமரவேல் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பாதி நேரம் கல்லாவில் இருப்பது வசந்திதான். நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது அவளுடைய ஒரே மகள் ஜனனியை வீட்டுக்கு அழைத்துப் போக.

ஜனனி தலைநகரம் பிஷ்கேக்கில் மருத்துவம் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு முடித்திருந்தாள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஓடி வந்துவிடுகிற பெண், இந்த வருடம் வரவில்லை. கரகோல் என்ற மலையடிவார ஊரில், வெளிநாட்டுக்காரர்களை மலைக்கு அழைத்துப் போகும் வேலையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். குமரவேல் அண்ணா இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "எவனோ ஒரு பையன் கீறான். நீங்க ரெண்டு பேரும் போய் இட்டாந்துடுங்க" என்றார். அவருக்குக் கடை இருக்கிறது, என் கணவருக்கு விமானம் என்றால் வயிற்றைக் கலக்கும். சிங்கப்பூரில் மகனைப் பார்க்கப் போன ஒரு முத்திரை என் பாஸ்போர்ட்டில் இருந்தது. அதனால் நான் அனுபவசாலி ஆகிவிட்டேன்.

ஜனனி போனில் தடை ஒன்றும் சொல்லவில்லை. "வாங்கம்மா. ஆனா அந்த வாரம் எனக்கு ட்ரிப் இருக்கு, விட்டுட்டு வர முடியாது. நீங்களும் கூட நடந்துடுங்க. மலைமேல ஒரு ஏரி இருக்கு. கீழ இறங்கினதும் உக்காந்து பேசலாம்."

"நடக்கறதுதானே" என்று வசந்தி ஒப்புக்கொண்டுவிட்டாள். மலை என்றால் திருநீர்மலை அளவுக்கு அவள் நினைத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

நான் பயிற்சி எடுத்தேன். மகனின் பழைய காலேஜ் பையில் அரிசி மூட்டை ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் காலையில் செம்பாக்கம் ஏரிக்கரையைச் சுற்றினேன். வாக்கிங் வருகிறவர்கள் முதல் நாள் சிரித்தார்கள், அடுத்த நாள் விசாரித்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து ஒதுங்கி வழிவிட்டார்கள். வசந்தியையும் கூப்பிட்டேன். வரவில்லை. "ஏரிப் பக்கம்லாம் நான் வரமாட்டேன் அண்ணி, உங்களுக்குத் தெரியாதா" என்றாள். எனக்குத் தெரியும். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது அவள் குடும்பம் மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் கடற்கரைக்குப் போனதில்லை, குளத்தில் கால் நனைத்ததில்லை, மழை வலுத்தால் கடையை மூடிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். அவளுடைய மலைப் பயிற்சி, சொந்த வீட்டின் மூன்று மாடிப் படிக்கட்டை ஏறி ஏறி இறங்கியதுதான்.

பிஷ்கேக்கிலிருந்து கரகோலுக்கு வேனில் வந்தோம். வழி முழுக்க இஸ்ஸிக்குல் என்ற ஏரி கூடவே வருகிறது. அக்கரை தெரியாத அளவுக்குப் பெரியது. எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்க, வசந்தி மறுபக்க ஜன்னலில் ஆடு மாடுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. நம் ஊராக இருந்தால் டிரைவரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்போம். இங்கே பயணிகள் இறங்கி, சாலையோரப் புல்லில் துணியை விரித்து, ரொட்டியை வெளியே எடுத்துவிட்டார்கள். தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு அம்மாள் எங்களை இழுத்து உட்காரவைத்து, கை நிறைய ஆப்ரிகாட் பழம் கொடுத்தாள். வசந்தி பதிலுக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தாள். டயர் வருவதற்குள் டப்பா காலி. "எதில் செய்தது என்று கேட்கிறார்கள்" என்று ஆங்கிலம் தெரிந்த மாணவி ஒருத்தி மொழிபெயர்த்தாள். அரிசி என்று சொன்னதும் அந்த அம்மாள் நம்பவே இல்லை. "அரிசி இப்படிச் சத்தம் போடாது" என்றாளாம்.

டாக்ஸி டிரைவரை விரட்டிய சிறிது நேரத்தில் ஜனனி வந்தாள். வெயிலில் கறுத்து, கன்னம் சிவந்து, தலைமுடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள்.

"முடி எங்கடி?" என்றாள் வசந்தி. மகளைப் பார்த்து ஒரு வருடம் ஆனபின் பேசிய முதல் வார்த்தை அது. பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதாள்.

ஜனனி எங்களை அழைத்துப் போய் அஷ்லான்ஃபூ வாங்கிக் கொடுத்தாள். குளிர்ந்த காடிச் சாற்றில் நூடுல்ஸ், மேலே மிளகாய் விழுது. "பழைய சோத்துத் தண்ணில சேமியாவைப் போட்டா மாதிரி கீது" என்ற வசந்தி இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குமரவேல் அண்ணா போன் செய்தார். மகளோடு வேலை செய்கிற ஆள் யார் என்று தெரிய வேண்டும் அவருக்கு. அந்த ஆள் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பெயர் பக்யத். அறுபது வயது இருக்கும், மேல்வரிசையில் இரண்டு தங்கப் பல், சாப்பிடும்போதும் கழற்றாத கம்பளித் தொப்பி.

"ஆளு எப்டி?" என்று கேட்டார் அண்ணா.

"எங்கப்பா மாதிரி கீறாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள் வசந்தி.

கிளம்புவதற்கு முன் ஜனனி எங்கள் பைகளைப் பிரித்துப் பார்த்தாள். என் பையிலிருந்து ஹேர் டிரையர் வெளியே போனது. வசந்தியின் பையிலிருந்து தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கடைசியாக ஒரு குட்டி பிரஷர் குக்கர் வந்தது. பொடிகளுக்கு அனுமதி கிடைத்தது. குக்கர் கரகோல் விடுதியிலேயே தங்கியது. வசந்திக்கு அதில் பெரிய வருத்தம்.

முதல் நாள் நடை பைன் காட்டுக்குள். கூட வந்த இன்னொரு விருந்தாளி தோமெக் என்ற போலந்துக்காரர், முப்பது வயது, ஒட்டகச்சிவிங்கி மாதிரி கால். அவர் ஒரு அடி வைத்தால் எனக்கு மூன்று. பாதை ஆற்றை ஒட்டியே போனது. பனி உருகிய தண்ணீர், அரிசி கழுவின நீர் நிறத்தில் பாறைகளில் மோதிக்கொண்டு ஓடியது. வசந்தி பாதையின் மறு ஓரமாக, ஈர முட்செடிகள் புடவைக்குப் பதில் முதல்முறையாகப் போட்ட பேண்ட்டில் உரச உரச, ஆற்றிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நடந்தாள். ஓரிடத்தில் மரக்கட்டைப் பாலம். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஜனனி பின்னாலிருந்து தோளைப் பிடித்து, பீரோவை நகர்த்துவதுபோல் மெல்ல நகர்த்தி அக்கரை சேர்த்தாள்.

மாலையில் கூடாரம் போட்ட இடத்தில் ஒரு கோதுமை மாதிரித் தானியத்தைக் கஞ்சியாக வைத்தார்கள். உப்பு தவிர அதில் எதுவுமில்லை. வசந்தி பருப்புப் பொடியை நீட்டினாள். தோமெக் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தார், சற்று யோசித்தார், பிறகு ரொட்டியின்மேல் வெண்ணெய் தடவி அதன்மேல் பொடியைக் கொட்டிச் சாப்பிட ஆரம்பித்தார். "இதைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேக்கறார்" என்றாள் ஜனனி. "நான்தான்னு சொல்லு" என்றாள் வசந்தி.

இரண்டாம் நாள் ஏற்றம். என் செம்பாக்கம் பயிற்சி எல்லாம் முதல் அரை மணி நேரத்திலேயே கரைந்துபோனது. ஏரிக்கரை தட்டையானது என்ற சின்ன விஷயத்தை நான் யோசிக்கவில்லை. அருவி ஒன்றின் பக்கத்தில் பாறைப் படிகளில் ஏறினோம். பத்து அடி வைத்தால் நின்றேன், நின்றால் இதயம் காதில் அடித்தது. காற்று இருக்கிறது, ஆனால் உள்ளே போய் ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறது. வசந்தியோ மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவதுபோல், உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, பேசாமல் ஒரே சீராக ஏறிப்போய்க்கொண்டிருந்தாள். பக்யத் அவளைச் சுட்டிக்காட்டி என்னவோ சொன்னார்.

"அம்மா மலைக்காரி மாதிரி நடக்கறாங்களாம்" என்று ஜனனி சொன்னாள். அவள் முகத்தில் பெருமை.

கடைசித் திருப்பத்தில் ஏரி தெரிந்தது. அலாகுல். பள்ளிக்கூட லேபில் கண்ணாடிக் குடுவையில் பார்த்த மயில்துத்தத்தின் நிறம். மூன்று பக்கமும் வெறும் பாறை, ஒரு மூலையில் பனிப்பாறை தொங்கிக்கொண்டிருந்தது. செம்பாக்கம் ஏரிக்குப் பழகிய கண் எனக்கு; தண்ணீர் என்றால் ஆகாயத்தாமரையும் நாமக்கோழியும் தூரத்தில் அபார்ட்மெண்ட்டும் சேர்ந்துதான் தெரியும். பள்ளிக்கரணையில் பூநாரை வந்திருக்கிறது என்றால் பாலத்தின்மேல் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பார்க்கிற ஊர் நம்முடையது. இங்கே ஒரு கொக்குகூட இல்லை. கரையில் நாணல் இல்லை, வாசனை இல்லை, யாரும் துணி துவைக்கவில்லை. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறது இது என்று தோன்றியது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

வசந்தி கரைக்கு வரவில்லை. மேட்டில் ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்தாள். "அழகாதான் கீது" என்றாள். "அது அங்கயே இருக்கட்டும்."

அன்று அரிசி வடித்தார்கள். எவ்வளவு நேரம் கொதித்தும் வேகவில்லை. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், அதில் சூடு போதாது என்று ஜனனி விளக்கினாள். விறைத்த சோற்றைத் தொக்கு போட்டுப் பிசைந்துகொண்டே வசந்தி யாரையும் பார்க்காமல், "ஒரு குக்கர் இருந்தா இந்நேரம் மூணு விசில்ல முடிஞ்சிருக்கும்" என்றாள்.

சாப்பிட்ட பிறகு நானும் ஜனனியும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீரில் கையை வைத்தால் எலும்பு வலித்தது. அவள் என்னைப் பார்க்காமல் தட்டைத் தேய்த்தபடியே சொன்னாள்.

"அத்தை, நான் டாக்டருக்குப் படிக்கப் போறதில்ல. மார்க் எல்லாம் நல்லாதான் வருது. பிடிக்கல. இங்க மலையில மாட்டிக்கறவங்களைக் காப்பாத்தறதுக்கு ஒரு டிரெய்னிங் இருக்கு. பக்யத் பாய்க்கே என்னைச் சேத்துவிடறேன்னு சொல்றார். நீங்க அம்மாகிட்ட சொல்றீங்களா?"

'பாய்க்கே' என்றால் இங்கே அண்ணன். வசந்தியும் குமரவேல் அண்ணாவும் ஒரு மனையை விற்றுத்தான் இவளைச் சேர்த்தார்கள். முடிச்சூர் வீட்டு வாசலில் பெயர்ப்பலகைக்காக இடம்விட்டுச் சுவர் கட்டியிருக்கிறாள் வசந்தி. அதை நானே பார்த்திருக்கிறேன்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

"எப்போ சொல்றது?"

"அது எனக்குத் தெரியாதும்மா. பாறை மேல ஏறிக்கிட்டு இருக்கும்போது மட்டும் சொல்லாத."

மூன்றாம் நாள் கணவாய். அதைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. பக்யத்தின் பூட்ஸ் குதிகால் ஞாபகம் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் நின்று நாலாபக்கமும் பனிமலை பார்த்தோம், தோமெக் எங்களைப் போட்டோ எடுத்தார், வசந்தி சிரித்தாள். அந்தப் போட்டோவில் எங்கள் பின்னால் ஒரு கரிய மேகம் இருக்கிறது. அது எங்களை எட்டுவதற்குள் பாதி வழிகூட இறங்க முடியவில்லை.

ஆலங்கட்டி மழை. பட்டாணி அளவில் ஆரம்பித்து சுண்டைக்காய் அளவுக்கு வந்தது. இறக்கம் முழுக்கச் சரளைக் கல். ஒரு அடி வைத்தால் கல்லோடு சேர்ந்து நாமும் ஐந்து அடி போவோம். "குதிகாலை ஊன்றி ஓடுங்க" என்றாள் ஜனனி. எனக்கு ஓட வரவில்லை. வசந்தி ஒரு முடிவுக்கு வந்தவளாக உட்கார்ந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு போய்விட்டாள். நானும் அப்படியே போனேன். கீழே வந்து எழுந்தபோது இருவருடைய பேண்ட்டும் பின்பக்கம் காற்றோட்டமாக இருந்தது. மாற்றுத் துணி என்று இருந்தது, குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கொண்டுவந்த போர்வைகள்தான். இடுப்பில் அதைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பேரும் மார்கழிக் கோலம் போடக் கிளம்பியவர்களைப்போலப் பள்ளத்தாக்கில் நடந்தோம்.

அந்த உற்சாகம் ஓடையைப் பார்த்ததும் நின்றுபோனது.

காலையில் வந்திருந்தால் கல்லுக்குக் கல் தாவிப் போயிருக்கலாமாம். நாங்கள் வந்தது பிற்பகல். பகல் முழுக்க உருகிய பனியும் மழையும் சேர்ந்து, பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. அடியில் கற்கள் உருளும் சத்தம் தரை வழியாகக் காலில் தெரிந்தது. வசந்தி நின்ற இடத்திலிருந்து பின்னால் நகர்ந்து, நகர்ந்து, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பக்யத் தலையை ஆட்டினார். இன்று வேண்டாம், காலையில் போகலாம் என்று அர்த்தம். ஆனால் தோமெக்குக்குப் பொறுமை இல்லை. அக்கரையில் ஒரு மணி நேர நடையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. நீளக் காலை நம்பி, யாரும் சொல்லும் முன் இறங்கிவிட்டார். மூன்றாவது அடியில் விழுந்தார். தண்ணீர் அவரைப் பொட்டலம்போலப் புரட்டியது. பக்யத் கரையோரமாக ஓட, ஜனனி அவரைவிட வேகமாக ஓடி, ஓடை வளைகிற இடத்துக்குக் கீழே போய் நின்று கைத்தடியை நீட்டினாள். தோமெக் அதைப் பிடித்தார். அவள் மண்டியிட்டுச் சாய்ந்து இழுக்க, பக்யத் அவள் இடுப்பைப் பிடித்து இழுக்க, மூன்று பேரும் கரையில் வந்து விழுந்தார்கள். நான் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

தோமெக்கின் நெற்றி பிளந்திருந்தது. ஜனனி காயத்தைக் கழுவி, விளிம்புகளைச் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டிக் கட்டுப்போட்டு, ஈர உடையைக் கழற்றவைத்து, அவரை உறங்கும் பைக்குள் திணித்தாள். பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்டாள். அவள் குரல் ஏறவே இல்லை. வசந்தி பாறைக்குப் பின்னாலிருந்து வந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரேதான்" என்றாள் என்னிடம், கண் நிறைந்து. "பாத்தீங்களா அண்ணி, என் பொண்ணு டாக்டரேதான்."

ஜனனிக்கு அது கேட்டுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவின் எதிரில் குந்தினாள்.

"அம்மா, இது ஃபர்ஸ்ட் எய்ட். பக்யத் பாய்க்கேவும் இதைப் பண்ணுவார். அந்தக் கட்டு போட்டது எனக்குப் பெருசா தெரியல. ஓடிப்போய் வளைவுல நின்னேன் பாரு, அதுதான் எனக்குப் பிடிச்சது." பிறகு, ஏரிக்கரையில் என்னிடம் சொன்னதை முழுவதுமாகச் சொன்னாள்.

வசந்தி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தண்ணீரைப் பார்த்தாள்.

"உன்னை எதுக்கு டாக்டருக்குப் படிக்க வெச்சேன்னு தெரியுமா உனக்கு?"

"தாத்தாவுக்காக."

"மூச்சு விட முடியாம மாடில படுத்துகினு இருந்தாரு உங்க தாத்தா. சுத்தி தண்ணி. போன் இல்ல. ஒரு டாக்டர் கூட வரல. விடியறதுக்குள்ள போய்ட்டாரு. அவரைப் பக்கத்துல வெச்சுகினுதான் மறுநாள் வரைக்கும் உக்காந்திருந்தோம். அன்னிக்கு முடிவு பண்ணேன்."

தன் மாமனார் இறந்த அந்த இரண்டு நாளைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் அது ஞாபகம் இருக்கும்மா" என்றாள் ஜனனி. அப்போது அவளுக்குப் பதினோரு வயது. "ஆனா உனக்கு டாக்டர் வராதது ஞாபகம் இருக்கு. எனக்கு போட் வந்தது ஞாபகம் இருக்கு. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒருத்தர், நம்ம கைப்பிடிச் சுவர்ல காலை வெச்சு போட்டை நிறுத்தினார். 'பாப்பா, என்னைப் பாரு, தண்ணியைப் பாக்காத'ன்னு சொல்லித் தூக்கினார். கோவளம் பக்கத்துலேர்ந்து வந்த மீன்காரங்கன்னு அப்புறம் அப்பா சொன்னார். நான் அவரை மாதிரி ஆகணும்னுதான் நினைச்சேன். அதுக்கெல்லாம் படிப்பு இருக்குன்னு எனக்கு அப்போ தெரியாது."

பக்யத் டீ கொண்டுவந்து மூவர் கையிலும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மொழி தெரியாவிட்டாலும் இது டீ கொடுக்க வேண்டிய நேரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வசந்தி டீயைக் குடித்து முடித்தாள். "அந்த ஆளுக்கு ஒரு வாய் காபி கூட நான் குடுக்கல" என்றாள். "பேரு கூடக் கேக்கல."

அதற்குமேல் அன்று அந்தப் பேச்சு போகவில்லை. கூடாரத்தைப் போடும்போது ஜனனி, "காலைல தண்ணி இறங்கிடும்மா" என்றாள். வசந்தி, "அன்னிக்கும் இதேதான் சொன்னாங்க. இறங்கிடும், இறங்கிடும்னாங்க. ஏறிச்சு" என்றாள்.

"இது ஏரி உடைஞ்ச தண்ணி இல்லம்மா. பனி உருகற தண்ணி. வெயில் போனா உருகாது. நான் பாத்திருக்கேன்."

வசந்தி ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரின் விளிம்பில் வைக்கச் சொன்னாள், மகளை. இரவில் அவள் எத்தனை முறை எழுந்து அந்தக் கல்லைப் பார்க்கப் போனாள் என்று தெரியாது. நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது கல் கரையில் வெகுதூரம் தள்ளி, காய்ந்து கிடந்தது. ஓடை தெளிந்து, சுருங்கி, நேற்று பார்த்ததற்குத் தங்கை மாதிரி இருந்தது. என்றாலும் கல்லுக்குக் கல் தாவும் அளவுக்கு இல்லை. இறங்கித்தான் ஆக வேண்டும். தலையில் கட்டோடு தோமெக் பக்யத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக முதலில் போனார்.

ஜனனி எங்கள் இருவரையும் வரிசையில் நிறுத்தினாள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பை நம்மை இழுக்கக் கூடாது. செருப்பையல்ல, ஷூவையே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். தண்ணீர் வருகிற பக்கம் பார்த்து, பக்கவாட்டில் நகர வேண்டும். முன்னால் ஜனனி, நடுவில் வசந்தி, கடைசியில் நான். வசந்தியின் விரல்கள் என் விரல்களை நொறுக்கின.

நடுவில் அவள் நின்றுவிட்டாள். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. குளிர் என் காலை உணர்வில்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள் ஜனனி. தோமெக்கிடம் கிழமை கேட்ட அதே குரல். "கண்ணை மூடாத. என்னைப் பாரு, தண்ணியைப் பாக்காத."

வசந்தி பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு வலது காலை எடுத்து நகர்த்தி வைத்தாள். அடுத்து இடது கால். அக்கரையில் பக்யத் தங்கப் பல் தெரியக் கையை நீட்டி, "அபா, அபா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அவள் கையை எடுக்கச் சொல்லவில்லை.

கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். காலுறையைப் பிழிந்தாள். திரும்பி ஓடையைப் பார்த்து, "பேஜார் பண்ணிடுச்சு" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. பின்பக்கம் கிழிந்த பேண்ட்டும் இடுப்பில் போர்வையுமாக இரண்டு பெண்கள் சிரிப்பதைத் தோமெக் போட்டோ எடுத்தார். அதை மட்டும் அவர் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறோம்.

வெந்நீர் ஊற்று ஒரு மரக் கொட்டகைக்குள் இருந்தது. நான் கழுத்துவரை இறங்கிவிட்டேன். வசந்தி விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டுக்கொண்டாள். அவசரமில்லை என்றாள்.

அங்கிருந்து ஊருக்கு ஒரு பழைய ராணுவ லாரியில் இறங்கினோம். பாதை என்று அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. பாறாங்கற்களின் மேல் லாரி குதித்துக் குதித்துப் போனது. மழைக்காலத்தில் மெட்ரோ தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிப்போட்ட முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போனவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல என்று நான் சொல்ல, வசந்தி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம ரோடு இதைவிட மோசம் அண்ணி. இங்க பள்ளத்துல தண்ணி நிக்கலயே."

வழியில் அம்மாவும் மகளும் லாரியின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டார்கள். நான் பாதிதான் கேட்டேன். படிப்பை முடித்துவிட்டு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் ஓடு என்றாள் வசந்தி. யோசிக்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன் என்றாள் ஜனனி. செப்டம்பர் வரை மலையில் இருக்கட்டும், அதற்குள் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று ஏதோ ஒரு இடத்தில் வந்து நின்றார்கள். இருவர் முகத்திலும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் ஒரே ஆப்ரிகாட் பையில் கைவிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

கரகோல் நெருங்கியதும் எல்லார் போனும் ஒரே நேரத்தில் உயிர்பெற்றுக் கிணுகிணுத்தன. விடுதி வாசலில் இறங்குவதற்குள் குமரவேல் அண்ணா கூப்பிட்டுவிட்டார். வசந்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, நாலு நாளா போனே எடுக்கல. எப்போ கெளம்பறீங்க? மூணு பேரும்தானே?"

"ரெண்டு பேருதான். நானும் அண்ணியும்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ அரை இஞ்ச் பைப் எல்போ கேட்பது கேட்டது. அண்ணா அவரை நிற்கச் சொன்னார். "ஏன்?"

வசந்தி சொன்னாள். ஒன்றையும் விடாமல், ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னாள். டாக்டர் படிப்பு பிடிக்கவில்லை என்கிறாள், வேறு பயிற்சி என்கிறாள், செப்டம்பரில் பதில் சொல்வாள். ஜனனி விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"டாக்டருக்குப் படிக்கலன்னா வேற இன்னாதான் பண்ணுவாளாம்?" அண்ணாவின் குரல் உடைந்திருந்தது.

"ஆத்தைத் தாண்டி விடுவா" என்றாள் வசந்தி. "மாட்டிகினவங்களை. என்னைத் தாண்ட வெச்சா. காலைல நானே இறங்கி வந்தேன்."

லைன் போய்விட்டதோ என்று வசந்தி போனைத் திருப்பிப் பார்த்தாள். போகவில்லை. கடைக்கு வெளியே முடிச்சூர் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எல்போ கேட்டவர் மறுபடி கேட்டார்.

"நீயா?" என்றார் அண்ணா கடைசியில். "தண்ணிலயா?"

"ஆமா."

"எவ்ளோ ஆழம் இருந்துச்சு?"

முழங்கால் நனைந்திருக்கும், அவ்வளவுதான். வசந்தி எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இடுப்புக்கு மேல" என்றாள்.